எண்ணெய் விலை பேசினால் என்ன?

அன்புள்ள ஐயா,

பர்மாவின் மோல்மேன் ஊரில் நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறுதோறும் ஒரு வீட்டில் கூடி, எழுதியதை வாசித்துப் பேசுகிறோம். இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை மணி அரட்டையிலேயே போய்விடுகிறது. ஓர் அக்கா எண்ணெய் விலையில் ஆரம்பித்தால், கரண்ட் எப்போது வந்தது, யார் மகன் தாய்லாந்து போனான் என்று நீண்டுகொண்டே போகும். கதைக்கு வரும்போது எல்லோருக்கும் வீடு திரும்பும் அவசரம். வெட்டிப் பேச்சு கூடாது என்று விதி வைக்கலாமா? இன்னொன்று, ரங்கூன் என்று எழுதுவதா, யாங்கோன் என்றா? என் கதை ஒன்றையும் அனுப்பியிருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள மகளே,

ஊர்ப்பெயரை முதலில் முடித்துவிடுவோம். 1989இல் அரசாங்கம் பெயரை மாற்றியது. உன் கதையில் வருகிறவர் வாயில் எது வருமோ அதை எழுது. அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

உன் கதையைப் படித்தேன். அதில் ஒரு பெண் சந்தைக்குப் போய் ‘ஒரு கிலோ எண்ணெய்’ வாங்குகிறாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. மோல்மேன் சந்தையில் யாரம்மா கிலோ கேட்கிறார்கள்? வீசை, அரை வீசை என்றுதானே கேட்கிறோம்? நீ வாயை மூடச் சொல்லும் அந்த அக்கா போன ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சொன்னார், நினைத்துப் பார். “வீசை இவ்வளவு ஏறிப்போச்சு” என்றுதான் சொல்லியிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் கிலோ என்று எழுதியிருக்கிறாய்.

வீசை நம் சொல். தமிழ்நாட்டில் 1960களில் மெட்ரிக் அளவு வந்த பிறகு அது வழக்கொழிந்துவிட்டது. அங்கே இன்று ஒரு பையனிடம் கேட்டால் விழிப்பான். அந்த வீசை 1.4 கிலோ; பர்மா வீசை 1.6 கிலோவுக்குச் சற்று மேல். இங்கே இன்னும் தராசில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற அந்தச் சொல்லை, தமிழ்நாட்டுப் பத்திரிகைக் கதைபோல் இருக்க வேண்டும் என்று நீயே தள்ளிவிடுகிறாய். கிலோ மட்டுமில்லை, உன் கதையில் எல்லோருமே அப்படித்தான் பேசுகிறார்கள். அம்மா மகளிடம் ‘நீ உணவு அருந்தினாயா’ என்கிறாள். எந்த அம்மா?

1960களின் நடுவில் இங்கே பர்மாவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. தமிழ்ப் பத்திரிகைகளும் நின்றன. அதற்குப் பிறகு பிறந்த நாங்கள் தமிழை எங்கே கற்றோம் என்கிறாய்? பாதி கோயில் வகுப்பில், மீதி டீக்கடையில். குட்டை முக்காலிகளில் உட்கார்ந்து, பெரியவர்கள் எதையாவது பேச, நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.

விதி வைப்பதைப் பற்றிக் கேட்டாய். நான் வைத்திருக்கிறேன். முப்பது வயதில், ரங்கூனில் எங்கள் குழுவுக்கு நான்தான் செயலாளர். மேசையில் ஒரு அலாரக் கடிகாரம் வைத்தேன். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், வாசிப்பு மட்டும், வேறு பேச்சு கிடையாது. எங்களில் ஒரு பெரியவர் ஒரு வரிகூட எழுதியதில்லை, பேசத்தான் வருவார். வந்ததும் பிளாஸ்கிலிருந்து சுடச்சுடப் பச்சைத் தேநீரைக் கோப்பையில் ஊற்றி, மூன்று சுற்று சுற்றிக் கழுவி, முக்காலிக்கடியில் வீசிவிட்டுத்தான் குடிப்பார். அன்றைக்கு அரிசி விலையில் ஆரம்பித்து 1964க்குப் போனார். அந்த மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள் இல்லையா? அவர் அம்மா கப்பல் செலவுக்கென்று நூறு கியாட் நோட்டுகளாகச் சேர்த்து, தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்தாராம். “சேதி வந்த அன்னிக்கு ராத்திரி அம்மா அந்தத் தலையணையை எடுத்துக்கிட்டு...” என்றார். அலாரம் அடித்தது. மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் ஐயா என்றேன், மரியாதையாகத்தான். சரி தம்பி என்றார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மழைக்காலம் முடியுமுன் போய்விட்டார்.

அந்த அம்மா தலையணையை எங்கே எடுத்துப்போனார்? அடுப்புக்கா, ஆற்றுக்கா, மாற்றித் தருவதாகச் சொன்ன யாரிடமாவதா? இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது. நானே ஒரு முடிவு வைத்து எழுதிப் பார்த்தேன், மூன்று தடவை. மூன்றும் பொய்யாக இருந்தன. கிழித்துப் போட்டேன்.

அதனால் கடிகாரத்தைத் தொடாதே. நேரம் போதவில்லை என்றால் ஒரு மணி முன்னதாகக் கூடுங்கள். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொள். அந்த அக்கா எண்ணெய் விலையை ஆரம்பித்ததும், அவர் அம்மா காலத்தில் வீசை என்ன விலை என்று கேள். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதி எனக்கு அனுப்பு. இந்தக் கதையை நான் திருத்தப் போவதில்லை.