தகரப் பெட்டி மிதக்கவிடும் மகளும் அடமானத்துக்குக் காத்திருக்கும் நிலமும்

கன்னங்குறிச்சி அம்மாவுக்கு வணக்கம். மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள், எந்நேரமும் தகரத்தில் பெட்டி செய்து தொட்டியில் மிதக்கவிடுகிறாள், பெரியப்பா மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசிவிட்டார், நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கலக்கம் புரிகிறது. ஆனால் வைக்காதீர்கள். சீட் பேசியவர் கடன் கட்டப்போவதில்லை. படிக்கப்போகிறவளுக்கு அதில் நாட்டமும் இல்லை.

அவள் தொட்டியில் செய்வதை நேவல் ஆர்க்கிடெக்சர், அதாவது கப்பல் வடிவமைப்பு, என்று பட்டப்படிப்பாகவே நடத்துகிறார்கள். நாட்டம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். 60 செ.மீ. நீளம், 20 அகலம், 15 உயரத்தில் தகரப் பெட்டி. மணல் பையோடு 3 கிலோ. எடை மையம் அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் வரும்படி பையை அசையாமல் கட்டவேண்டும். பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கீழே நீளவாக்கில் கம்பி கொடுத்தால், சமனாக நிற்கும் இடமே மையம். தண்ணீரில் 2.5 செ.மீ. அமிழும். அந்த ஆழத்தில் பாதியோடு, அகலத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 12 மடங்கால் வகுத்துக் கூட்டினால் மெட்டாசென்டரின் உயரம்: 14.6 செ.மீ. பெட்டி லேசாகச் சாயும்போது தண்ணீர் மேலே தள்ளும் விசையின் கோடு பெட்டியின் நடுக்கோட்டைச் சந்திக்கும் புள்ளிதான் மெட்டாசென்டர். எடை மையம் அதற்குக் கீழே இருப்பதால் நிமிர்ந்து நிற்கும். அகலத்தை 10 ஆக்கினால் 5 செ.மீ. அமிழும், மெட்டாசென்டர் 4.2க்கு இறங்கும், அதே எடை, பக்கவாட்டில் சாயும்.

அகலப் பெட்டிக்குள் 1 லிட்டர் தண்ணீர் விட்டால் அதுவும் சரியும். தண்ணீர் சாயும் பக்கமே ஓடுவதுதான் காரணம். நீளவாக்கில் நடுவே கசியாத தடுப்பு வைத்து இருபுறமும் அரை லிட்டர் விட்டால், தண்ணீர் ஓடுவதால் நிலைத்தன்மையில் வரும் இழப்பு நான்கில் ஒரு பங்காகி மறுபடி நிமிரும். பற்றவைத்த இடத்தில் ஊசித்துளை இருந்தால் கணக்கு கெடும். முதலில் வெளியே சுண்ணாம்பு தடவி, உள்ளே மண்ணெண்ணெய் பூசிப் பார்க்கட்டும், கசியும் இடம் ஈரமாகும். ஏன் சாய்ந்தது என்று அவளே கணக்குப் போட்டால், தயங்காமல் அனுப்புங்கள்.

குசாட் எனப்படும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1975 முதல் இதைக் கற்றுத்தருகிறது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினம் வளாகத்திலும், சென்னை ஐஐடியிலும் உண்டு. மூன்றுக்கும் தனித்தனி நுழைவுத்தேர்வு. வேலை பெரும்பாலும் கரையில், வடிவமைப்பு அலுவலகங்களிலும் கப்பல் கட்டும் தளங்களிலும். சாஃப்ட்வேர் அளவுக்கு இடங்கள் இல்லை, சேலத்தில் இருந்துகொண்டு பார்க்கவும் முடியாது. இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நான்கு ஆண்டுக் கட்டணம், விடுதி, ரயில் செலவு மூன்றையும் ஒரே தாளில் எழுதி, பெரியப்பா பேசிய தொகைக்குப் பக்கத்தில் வையுங்கள். சீட் வாங்கித்தருகிறேன் என்று வரும் ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவேண்டாம்.

கடல்சார் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மரைன் இன்ஜினியரிங்கும் இருக்கும்; அது கப்பலின் இன்ஜின் அறைக்கான படிப்பு. இவளுக்கு வேண்டியது நேவல் ஆர்க்கிடெக்சர் அண்ட் ஓஷன் இன்ஜினியரிங். படிவத்தை அவளே நிரப்பட்டும்.