250 எம்.எம். போதுமா? – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணே,

உங்கள் தளத்தை ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வருசம் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை 55-250 எம்.எம். ஜூம் லென்ஸோடு செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்த்துவிட்டு வந்து ராத்திரி மொட்டைமாடியில் ஸ்டாண்டு போட்டு நிலாவை எடுத்தேன். எத்தனை தடவை எடுத்தாலும் வெறும் வெள்ளை வட்டம்தான், உள்ளே ஒன்றுமே இல்லை. நட்சத்திரத்தை எடுத்தால் கோடு கோடாக இழுத்திருக்கிறது. 250 பத்தாது, 600 வாங்கு என்கிறான் நண்பன். கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். வாங்கலாமா? நிலாவைத் தவிர இந்த லென்ஸில் வேறு என்ன எடுக்கலாம்? மதுரையைச் சுற்றி இருட்டான இடம் எது?

– ஒரு வாசகர், ஆரப்பாளையம்

அன்புள்ள தம்பி,

வாங்காதீர்கள். அதுவும் கடன் வாங்கி, வேண்டவே வேண்டாம். அன்றைக்கு 600 மாட்டியிருந்தால் அதே வெள்ளை வட்டம் இன்னும் பெரிய வெள்ளை வட்டமாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

நிலா ராத்திரியில் தெரிகிறதே ஒழிய, அது நல்ல வெயிலில் கிடக்கிற பாறை. பட்டப்பகலில் யானைமலையை எடுக்க என்ன வைப்பீர்களோ கிட்டத்தட்ட அதையேதான் அதற்கும் வைக்க வேண்டும். கேமராவை ஆட்டோவில் விட்டால், படத்தில் முக்கால்வாசிக்கு மேல் கறுப்பாக இருப்பதைப் பார்த்து, சரி இருட்டு என்று முடிவுகட்டி ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது, அதில் நிலா வெளுத்துப்போகிறது. மேனுவலுக்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, லென்ஸ் வாயின் திறப்பு எஃப்/8, ஷட்டர் 1/200 வினாடி. முழு நிலாவுக்கு இதிலிருந்து தொடங்கி ஒரு படி முன்னே பின்னே போய்ப் பாருங்கள், கடல்கள் என்று சொல்கிற கறுப்புத் திட்டுகளும் குழிகளும் வந்துவிடும். அரை நிலா என்றால் 1/60 பக்கம் வரும்.

இன்னொன்று, பௌர்ணமி நிலாவைப் படம்பிடிக்க ரொம்பச் சுமாரான நாள். வெயில் நேருக்கு நேராக விழுவதால் எங்கும் நிழல் இருக்காது, நிழல் இல்லாவிட்டால் குழியும் மேடும் ஒன்றாகத்தான் தெரியும். வளர்பிறை அஷ்டமிக்கு எடுங்கள். பொழுது சாயும்போது நிலா ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற அந்தக் கோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு குழியின் விளிம்பும் தனித்தனியாக எழுந்து நிற்கும். ராத்திரி வெகுநேரம் விழிக்க வேண்டியதும் இல்லை.

அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். லென்ஸின் எம்.எம்.மை, அதாவது குவியத் தூரத்தை, 110ஆல் வகுத்தால் சென்சாரில் நிலா எத்தனை மில்லிமீட்டர் விழும் என்று தெரியும். 250க்கு சுமார் 2.3. உங்களுடையது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சிறிய அளவு சென்சார்) கேமராவாக இருந்தால் அது 600 பிக்சல் குறுக்களவு. வெட்டி எடுத்து செல்போனில் பார்க்கவும் தபால் அட்டை அளவில் பிரிண்ட் போடவும் தாராளம்.

அந்த 600 பிக்சலும் துல்லியமாக வருகிறதா என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். சித்திரை வெயிலில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து, பதினொன்று வரை சூடு கக்கிக்கொண்டே இருக்கும், அந்தக் காற்று வழியாகப் பார்த்தால் நிலாவின் ஓரம் நெளியும், அதற்கு எந்த லென்ஸும் ஒன்றும் செய்ய முடியாது. மண் தரையில் நின்று எடுங்கள், அல்லது நிலா உயரே ஏறும்வரை பொறுங்கள். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, நிலாவின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்புங்கள். கடைசிவரை திருப்பினால் அதுதான் முடிவிலி என்று நினைக்காதீர்கள், பெரும்பாலான டெலி லென்ஸ்கள் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்குகிறவை) முடிவிலியையும் தாண்டித் திரும்பும். ஃபோகஸ் கிடைத்ததும் வளையத்தின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். ஜூம் வளையத்துக்கும் ஒரு துண்டு. பழைய லென்ஸ் என்கிறீர்கள், மேலே பார்க்க நிமிர்த்தினால் குழல் தன் கனத்தில் தானே கீழே இறங்கும், 250 என்று நினைத்து 200இல் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஸ்டாண்டில் இருக்கும்போது கை ஆட்டத்தைச் சரிக்கட்டுகிற ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். பட்டனை அழுத்திய ஆட்டம் அடங்க 2 வினாடி டைமர் போதும்.

டெலி லென்ஸுக்கு உண்மையான வேலை நிலாவை வேறொன்றோடு சேர்த்து எடுப்பதில் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. நிலா வானத்தில் அரை டிகிரி. கோபுரமும் அரை டிகிரியாகத் தெரிய வேண்டுமென்றால் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பக்கத்தில் போய் நின்றால் கோபுரம் மலையளவு, நிலா ஒரு புள்ளி. பசுமலைப் பக்கம் ஒரு உயரமான மாடி கிடைத்தால் கோயில் அங்கிருந்து வடகிழக்கே, சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கியிருக்கும், அதனால் எதிரே வருகிற பௌர்ணமி நிலா வடக்கே ஒதுங்கி உதிக்கும். அந்தத் திசைதான் நமக்கு வேண்டும். ஆனியில் இதே இடத்தில் நின்றால் நிலா தென்கிழக்கே எங்கேயோ வரும். எந்தத் தெருவிலிருந்து கோடு நேராக விழும் என்பது வருசத்துக்கு வருசம் மாறும், ஸ்டெல்லேரியம் என்கிற வான்வரைபட மென்பொருள் இலவசம்தான், அதில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அடிவானத்தில் புகைமூட்டம் கெடுக்கும், மழை பெய்த மறுநாள் என்றால் அதிர்ஷ்டம்.

அப்புறம் நட்சத்திரக் கோடு. அது லென்ஸின் குறை இல்லை, பூமி சுற்றுகிறது. கோடு இழுக்காமல் ஷட்டரை எத்தனை வினாடி திறக்கலாம் என்பதற்கு, 500ஐ எம்.எம்.மாலும் கிராப் அளவாலும் (சிறிய சென்சாருக்கான பெருக்கு எண், உங்களுடையதுக்கு சுமார் 1.6) வகு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 250க்கு ஒன்றேகால் வினாடி வரும், அதுவே தாராளக் கணக்கு, பெரிதாக்கிப் பார்த்தால் இழுத்திருக்கும். 600க்குப் போனால் அதுவும் அரை வினாடியாகச் சுருங்கிவிடும். உங்கள் நண்பர் இதை யோசிக்கவில்லை. அரை வினாடி, ஐஎஸ்ஓ 3200, லென்ஸின் வாயை முழுதாகத் திறந்து, ரா (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) வடிவில் ஒரே இடத்தை நூறு இருநூறு தடவை எடுங்கள். சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் இரண்டும் இலவச மென்பொருள்கள், அத்தனை படங்களையும் நகர்த்திப் பொருத்தி ஒன்றாக்கித் தரும். தை, மாசியில் ஓரியனின் நெபுலா (ஒளிரும் வாயு மேகம்), மேற்கே கார்த்திகைக் கூட்டம் இரண்டும் 250க்கு அளந்து வைத்தது போல இருக்கும். வியாழனின் நான்கு நிலாக்களுக்கு இவ்வளவு பாடுகூட வேண்டாம், ஒரே படத்தில் வரும்.

ஆனால் மதுரைக்காரர் எடுக்க வேண்டியது ஒமேகா சென்டாரி. ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் பந்துபோல நெருங்கிக் கிடக்கிற கோளக் கொத்து, வானத்தில் கிட்டத்தட்ட முழு நிலா அகலம். ஐரோப்பாவில் பெரும்பாலானோருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, நமக்கு மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் நேர் தெற்கே 30 டிகிரிக்கு மேல் நிற்கும். வானத்தின் தென்கோடிப் பக்கம் இருப்பதால் ஓரியனைவிட மெதுவாக நகரும், முக்கால் வினாடி வரை தாங்கும்.

இருட்டான இடத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. தெற்கே பார்க்க வேண்டியதால் ஊருக்குத் தெற்கே போங்கள், மதுரை வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். திருமங்கலம் தாண்டி, தே.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் தெரிந்தவர் தோட்டம் இருந்தால் உத்தமம். வனத்துறை எல்லைக்குள் ராத்திரி நுழையாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள்.

கடனில்லாமல் காசு சேர்ந்தால் வானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்புகிற டிராக்கர் ஒன்று வாங்கலாம், 600ஐவிட அதுதான் உபயோகம். ஆனால் அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும், நம் ஊரில் அது வடக்கே 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது, பாதி நாள் மூட்டத்தில் காணாது, மீதி நாள் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கும். நீங்கள் எடுக்கப்போகிற இடத்தில் வடக்கு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை கேளுங்கள்.