மலிவு விலையில் கேமிங் கம்ப்யூட்டர்: எதில் மிச்சம் பிடிப்பது?

கேள்வி: 1080பி-யில் கேம் ஆட அசெம்பிள் செய்கிறேன். கடையில் ரைசன் 5 5600ஜி பிராசஸர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், கேபினெட்டுடன் இலவசமாக எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) என்று கொட்டேஷன் தந்தார்கள். சரியா?
- வாசகர், மதுரை

பதில்: கார்டு சரி. மற்றதை மாற்றுங்கள்.

தனி கார்டு போடும்போது, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ‘ஜி’ பிராசஸர் தேவையில்லை; வெறும் ரைசன் 5 5600 வாங்குங்கள். 5600-இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள் இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி. 5600ஜி-யில் 16 தான். தவிர, ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன் (தரவு போய்வரும் பாதை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு. 5600ஜி, கார்டை இணைக்கும் பிசிஐஇ-யின் 3.0 பதிப்போடு நின்றுவிடுவதால் அந்த எட்டு லேனின் வேகமும் பாதியாகிறது. 5600-ஐ பி550 மதர்போர்டில் போட்டால் 4.0 கிடைக்கும். பழைய பி450 என்றால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திரையே வராமல் போகலாம்.

ரேம் 8 ஜிபி இரண்டாக, டிடிஆர்4 3200. நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து 2, 4-ஆம் ஸ்லாட்டுகளில் செருகுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் பெரும்பாலும் 2133 அல்லது 2400-லேயே ஓடும். பலர் மறப்பது இதைத்தான்.

அந்த இலவச எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம். லேபிளில் 450 வாட் என்றிருக்கும்; 12 வோல்ட் வரியில் 18 ஆம்ப் என்றால் 12×18=216 வாட்தான். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே சுமார் 132 வாட் இழுக்கும். கேம் நடுவே ரீஸ்டார்ட் ஆவதற்கு இது முக்கியக் காரணம். 80 பிளஸ் பிரான்ஸ் (மின்திறனுக்கான சான்று) உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். பணம் இடித்தால் ஆர்ஜிபி விளக்குகளைக் குறையுங்கள். 5600-உடன் பெட்டியில் வரும் கூலரே போதும்.

மானிட்டர் கேபிளை போர்டில் அல்ல, கார்டில் செருகுங்கள்.