டிப்ளமோ முடித்த மகனுக்குக் கோவையா, திருப்பூரா?

கேள்வி: தாராபுரம் பக்கம் இருக்கிறோம். மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டான். மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருடம். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் எந்தத் தொழிலில் போனால் வேலை நிலைக்கும்?

வணக்கம் ஐயா. குறிச்சிப் பக்கம் பம்ப், வால்வு பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு யூனிட்டில் குவாலிட்டி பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆள் எடுக்கும்போது நானும் உட்காருவேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். அதை வைத்துச் சொல்கிறேன்.

நம் வட்டாரத்தில் எந்தத் தொழிலும் பத்து வருடம் ஒரே சீராக ஓடியதில்லை. பம்ப் விற்பனை மழையைப் பார்க்கும், நூல் மில் பஞ்சு விலையைப் பார்க்கும், பனியன் வெளிநாட்டு ஆர்டரைப் பார்க்கும். அதனால் எந்தத் தொழில் நிலைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒரு தொழில் படுத்தால் அங்கே கற்றதைக் கையோடு எடுத்துக்கொண்டு அடுத்த கம்பெனி கேட்டுக்குப் போக முடிகிற வேலையா என்று பாருங்கள். பிள்ளைகள் கேட்டால் நான் சொல்வது இது ஒன்றுதான்.

திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வெளியே போகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போகிறது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதும், அமெரிக்க பையரை மட்டும் நம்பியிருந்த கம்பெனிகள் திணறிப்போயின. ஆர்டர் குறைந்தால் அங்கே ஆளை உடனே நிறுத்த மாட்டார்கள். முதலில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும். ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷினில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அரை ஷிப்டில்தான் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் இருக்கிறது. செக்கிங், துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைப் பெண்களுக்கு இன்னும் சிரமம். எவ்வளவு உழைக்கிறவர்கள், ஆனால் மந்தம் வந்தால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். அதே கம்பெனியில் பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர், துணி வெட்டும் அளவு வடிவத்தை வரையும் பேட்டர்ன் ஆள், மெஷின் மெக்கானிக் மூவரும் ஐரோப்பிய ஆர்டர் செய்கிற வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ள முடியும்.

மகளுக்குத் திருப்பூர் நல்ல இடம் என்றே நினைக்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டு, கீழே விவசாயம் பாழான கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதன் பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிற பட்டறைதான் ஓட முடியும் என்றானது. சாயத் தண்ணீரை முதலில் நுண்ணுயிர் தொட்டியில் விட்டு, சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ.வில் ஏற்றி, மிஞ்சும் உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பை எடுக்கிறார்கள். தண்ணீரில் கரைந்த உப்பையும் கழிவையும் அளக்கிற டி.டி.எஸ்., சி.ஓ.டி. டெஸ்ட் எடுக்க ஒவ்வொரு பிளான்ட்டிலும் கெமிஸ்ட்ரி படித்த ஆள் வேண்டும். பையர் கேட்ட நிறத்துக்குச் சாயக் கலவை பிடிக்கிற ஷேடு மேட்சிங் லேப், துணியில் சாயம் போகிறதா என்று பார்க்கிற டெஸ்டிங் லேப் வேலைகளும் இருக்கின்றன. ஆர்.ஓ. பிளான்ட்டை நடத்தத் தெரிந்தவர் திருப்பூரோடு நிற்க வேண்டியதில்லை. பெருந்துறை சிப்காட், தோல் தொழிற்சாலை, மருந்துக் கம்பெனி, பால் பிளான்ட் என்று எங்கும் போகலாம்.

மகனைக் கோவைக்கு அனுப்புங்கள். பவுண்டரி, பம்ப், வால்வு, ஆட்டோ பாகம், டெக்ஸ்டைல் மெஷினரி எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒன்றில் கற்றது இன்னொன்றில் உதவும். ஆனால் சான்றிதழோடு வருகிறவர்கள் நிறைய, அளக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நேர்முகத்துக்கு வருகிற பையனிடம் ஒரு பம்ப் ஷாஃப்டையும் டிராயிங்கையும் கொடுப்பேன். பேரிங் உட்காரும் இடத்தில் 25 கே6 என்று போட்டிருக்கும். அதாவது 25.002 மில்லிமீட்டரிலிருந்து 25.015 வரை இருந்தால் பாஸ். மேஜையில் வெர்னியரும் இருக்கும், மைக்ரோமீட்டரும் இருக்கும். முக்கால்வாசிப் பேர் பழக்கத்தில் வெர்னியரை எடுப்பார்கள். சாதாரண வெர்னியர் 0.02 வரைதான் காட்டும், இங்கே மொத்த டாலரன்ஸே, அதாவது அனுமதிக்கிற வித்தியாசமே, 0.013 தான். மைக்ரோமீட்டரை எடுத்து, ஷாஃப்டைத் துடைத்து, இரண்டு மூன்று இடத்தில் திருப்பித் திருப்பி அளக்கிற பையனை அன்றைக்கே எடுத்துக்கொள்வோம், மார்க் ஷீட்டைக்கூட அப்புறம்தான் கேட்போம். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி., வி.எம்.சி. மெஷின் செட்டிங், அதன் பிறகு பாகங்களைத் துல்லியமாக அளக்கும் சி.எம்.எம். மெஷின் என்று படிப்படியாக ஏறலாம். பட்டன் தட்டும் ஆபரேட்டராகவே நின்றுவிடக் கூடாது.

பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிக் காற்றாலைகள் நிறைய நிற்கின்றன. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ என்றால் அதையும் சொல்லியிருப்பேன். உயரத்துக்குப் பயப்படாத பையனுக்கு அது நல்ல வேலை. நாமக்கல், திருச்செங்கோட்டில் லாரி பாடி, போர்வெல் போடும் ரிக் வண்டிப் பட்டறைகள் இருக்கின்றன. வெல்டிங், ஹைட்ராலிக்ஸ் கைவந்தால் சோறு போடும், ஆனால் ரிக் வண்டியோடு போனால் மாதக்கணக்கில் வெளி மாநிலம்தான். விளாங்குறிச்சி, சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மெக்கானிக்கல் முடித்த பையனை அவசரப்பட்டு ஆறு மாத கோர்ஸில் சேர்த்து அங்கே தள்ள வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, மத்திய அரசின் அப்ரண்டிஸ் தளத்தில் மகன் பெயரைப் பதிவு செய்வது. டிப்ளமோக்காரர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி, உதவித்தொகையும் உண்டு. பெரிய கம்பெனியில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நாலைந்து வகை மெஷின் இருக்கிற சின்ன யூனிட் போதும், அங்கே எல்லா மெஷினிலும் கை வைக்க விடுவார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிற இடமென்றால் கொடுக்காமல் திரும்பிவிடச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்ததும் எந்த மெஷினில் போடுவீர்கள் என்று மட்டும் உங்கள் மகனே வாய் திறந்து கேட்கட்டும்.