விற்பனை நின்றுபோன பழைய கணினி எமுலேட்டர்களை இலவசமாக்கிவிட வேண்டுமா?

எமுலேட்டர் என்பது பழைய கணினியைப் போல நடித்து, அதன் மென்பொருள்களை வேறொரு கணினியில் ஓட்டித்தரும் மென்பொருள். விற்பனையை நிறுத்திவிட்ட எமுலேட்டர் என்றால், ஆமாம், கண்டிப்பாகத் திறந்துவிட வேண்டும். விலையை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, மூலநிரலும், அதாவது எழுதியவர் எழுதிய நிரல் வரிகளும், வெளியே வர வேண்டும். இன்னும் விற்பனையில் இருக்கிறது, அவ்வப்போது புதிய பதிப்பும் வருகிறது என்றால் காசு கொடுத்து வாங்குவதுதான் முறை.

எத்தனை வருடப் பழசு என்பதை வைத்து இதை நான் முடிவு செய்ய மாட்டேன். அமிகா கணினிகளுக்கான 'அமிகா ஃபாரெவர்' 1997லிருந்து விற்பனையில் இருக்கிறது. அதற்குள் ஓடும் எமுலேட்டர் ஏற்கெனவே கட்டற்ற மென்பொருள்தான். அதை விற்கும் க்ளோவாண்டோ நிறுவனம் முறையான உரிமத்தோடு ரோமையும் (கணினி கிளம்புவதற்கு அதன் சிப்பிலேயே பதித்திருக்கும் நிரல்) இயங்குதளத்தையும் சேர்த்துத் தருகிறது, மேம்படுத்திக்கொண்டும் வருகிறது. அதைப் போய் சும்மா கொடு என்று கேட்க எனக்கு மனம் வராது.

சரி, கைவிடப்பட்டவற்றுக்கு வருவோம். விலை போனால் போதாது என்று நான் சொல்வதற்குக் காரணம் ஷீப்ஷேவர். பழைய மேக் மென்பொருள்களை ஓட்டுவதற்கான எமுலேட்டர் இது. கிறிஸ்டியான் பவரும் மார்க் ஹெல்விக்கும் எழுதியது. 1998ல் வந்தபோது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஓடியதோ பீஓஎஸ் என்ற இயங்குதளத்தில், பவர்பிசி சிப் உள்ள கணினிகளில். அன்றைய மேக்குகளிலும் இதே சிப்தான் என்பதால், சிப்பைப் போல நடிக்கும் வேலை ஷீப்ஷேவருக்கு இல்லை. மேக் மென்பொருளின் கட்டளைகள் நேராகச் சிப்புக்கே போய்விடும். 2001ல் பீஓஎஸ்ஸை உருவாக்கிய பீ நிறுவனம் தன் தொழில்நுட்பத்தை பாம் நிறுவனத்துக்கு விற்றுவிட்டுக் கடையைக் கட்டியது. ஷீப்ஷேவரை வாங்க ஆளில்லாமல் போனது.

அந்த நேரத்தில் "இனி இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் அறிவித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? செத்துப்போன இயங்குதளத்தில் மட்டும் ஓடும் ஒரு கோப்பு நம் கையில் இருந்திருக்கும். எமுலேட்டரை ஓட்டவே இன்னொரு எமுலேட்டர் தேடியிருப்போம். ஆனால் எழுதியவர்கள் 2002ல் மூலநிரலையே ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். அப்புறம் வந்தவர்கள் பவர்பிசி சிப்பையே மென்பொருளாக எழுதி உள்ளே சேர்த்தார்கள். இன்று விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் ஷீப்ஷேவர் ஓடுகிறது என்றால், அது விலை குறைந்ததால் வந்த பலன் இல்லை.

எனக்கு இது சொந்த விஷயமும்கூட. என் சித்தப்பா அச்சகம் நடத்தியவர். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் மேக்கில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை வைத்துக் கட்டிய பக்கங்கள். தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தையவை. அந்தக் கோப்பிலிருந்து எழுத்தை மட்டும் பிரித்தெடுத்தால், ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலந்து ஒன்றும் புரியாது. ஷீப்ஷேவருக்குள் பழைய சிஸ்டம் ஃபோல்டரில் அதே எழுத்துருவைப் போட்டு, அதே பேஜ்மேக்கரில் திறந்ததும் பக்கம் அப்படியே வந்து நின்றது: ஓரத்துக் கொடிக்கோலம், நடுவில் பிள்ளையார் படம், சித்தப்பா கையால் இழுத்து இழுத்துச் சரிசெய்த எழுத்து இடைவெளி உட்பட. அந்த ஊர்க் கோயில் மலருக்கு வேறு எங்கும் மூலப்பிரதி கிடையாது. இந்த விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன் என்றால் இதற்காகத்தான்.

எமுலேட்டர் கிடைத்தால் மட்டும் வேலை முடியாது. ரோம் வேண்டும். இந்த இடத்தில் ஆப்பிள் பாதி வழிதான் வந்தது. பழைய மேக் இயங்குதளமான சிஸ்டம் 7.5.3ஐ 19 துண்டுகளாக இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டது. ஆனால் அந்த இயங்குதளம் கிளம்புவதற்கு வேண்டிய மேக் ரோமை அதே மாதிரி விடவில்லை. உங்களிடம் பழைய மேக் இருந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆம்ஸ்ட்ராட் இதைவிடப் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. 1986ல் சின்க்ளேர் நிறுவனத்தின் கணினி வியாபாரத்தை வாங்கிய அந்த நிறுவனம், சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் கணினிகளுக்கான ரோம்களை எமுலேட்டரோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று 1999ல் அனுமதித்தது. பதிப்புரிமை எங்களுடையதே, அந்த அறிவிப்பை அழிக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டது. ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்கள் இறக்கியவுடனே ஓடுவதற்கு அந்த அனுமதி ஒரு முக்கியக் காரணம்.

ரோமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. நியூ மெக்ஸிகோவிலிருந்த ஏஆர்டிஐ என்ற சிறு நிறுவனம், மேக்கின் ரோம் செய்யும் வேலைகளை ஆப்பிளின் நிரலைத் தொடாமல் தாங்களே எழுதியது. எக்ஸிக்யூட்டர் என்று அதற்குப் பெயர். 1990களில் டாஸிலும் லினக்ஸிலும் மேக் மென்பொருள்கள் ஓடின, ஆப்பிளின் ரோமும் இல்லாமல், இயங்குதளமும் இல்லாமல். எல்லா மென்பொருளும் ஓடாது, பல தடுமாறும். ஆனாலும் அந்த உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. வியாபாரம் ஓய்ந்து பல வருடம் கழித்து, 2008ல், அதன் மூலநிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். பிற்பாடு வேறு ஆட்கள் எடுத்து இன்றைய கணினிகளில் ஓடும்படி செப்பனிட்டார்கள்.

அடாரி கணினிகளிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 1999ல் கால்டெரா நிறுவனம் ஜெம் என்ற பழைய வரைகலை இடைமுகத்தின் நிரலை ஜிபிஎல்லில் விட்டது. அதிலிருந்து அடாரி ரோமுக்கு மாற்றான எமுடாஸ் வளர்ந்தது. இன்று அடாரி எஸ்டிக்கான ஹடாரி எமுலேட்டர் அடாரியின் ரோம் இல்லாமலே கிளம்புகிறது.

இனி பூட்டு, அதாவது வாங்கியவர் மட்டும் ஓட்டும்படி மென்பொருளில் வைக்கும் தடை. காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். நானும் ஓர் எமுலேட்டரைக் காசு கொடுத்து வாங்கினேன். லைசென்ஸ் கீ அந்த ஒரு கணினியோடு கட்டப்பட்டிருந்தது. லேப்டாப் மாற்றியதும் புது கீ கேட்டு எழுதினால் மின்னஞ்சல் திரும்பி வந்தது, இணையதளமும் இல்லை. திருட்டு நகல் வைத்திருப்பவர் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்க, ரசீது வைத்திருக்கும் நான் வெளியே நிற்கிறேன். இந்தச் சிக்கல் சட்டத்தின் காதுக்கும் எட்டியிருக்கிறது. பழுதாகி, மாற்றுக் கிடைக்காமல் போன, கணினியில் செருகும் டாங்கிள் பூட்டுகளைத் தாண்டிப்போக அமெரிக்காவில் 2003லேயே விலக்கு கொடுத்தார்கள். ஆனால் விற்றவரே ஒரு பொதுக் கீயை வெளியிட்டுவிட்டால் சட்டம் வரைக்கும் போகவே வேண்டாமே.

எழுதியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த நிரல்தொகுப்பு உள்ளே இருந்தால் அதை அவர் வெளியிட முடியாது. இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தால் இருவரும் சம்மதிக்க வேண்டும். நிறுவனம் கைமாறிவிட்டால் அவர் கையில் ஒன்றுமே இல்லை. சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டிய எமுலேட்டர், கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் வர்ச்சுவல் கேம் ஸ்டேஷன். அது சோனியோடு நீதிமன்றத்தில் மோதி, 2000ல் மேல்முறையீட்டில் சாதகமான தீர்ப்பு வாங்கியது. அடுத்த வருடமே சோனி அதை வாங்கி விற்பனையை நிறுத்திவிட்டது. அந்த மாதிரி நிலையில் எழுதியவரைக் கோபித்துப் பயனில்லை.

அதனால் உங்களுக்குப் பிடித்த எமுலேட்டரை எழுதியவர் கிடைத்தால், உடனே மூலநிரலைக் கேட்காதீர்கள். முதலில் பூட்டில்லாத ஒரு பதிப்பைக் கேளுங்கள். அவருக்கு ஒரு மாலை வேலைதான், உரிமை அவரிடமே இருந்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்காது. அது வந்த பிறகு மூலநிரலைப் பற்றிப் பேசுங்கள். அடுத்தவர் நிரல் கலந்திருக்கிறது என்று அவர் தயங்கினால், அந்தப் பகுதியை நீக்கிவிட்டு மிச்சத்தைத் தரச் சொல்லுங்கள். ஓடாத மூலநிரலாக இருந்தாலும் பரவாயில்லை, அதை ஓடவைக்க ஆட்கள் இருக்கிறார்கள்.