1997 டுர்னுவா டி பிரான்ஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

1998 கால்பந்து உலகக் கோப்பைக்குச் சரியாக ஒரு வருடம் முன்னால், 1997 ஜூன் 3 முதல் 11 வரை பிரான்ஸ் ஒரு நாலு நாட்டுப் போட்டி நடத்தியது. பிரான்ஸ், பிரேசில், இங்கிலாந்து, இத்தாலி. அதைப் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள், ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கே: அண்ணா, தகுதிச் சுற்று, நட்பு ஆட்டம் எல்லாம் இருக்கும்போது இந்தக் குட்டிப் போட்டி எதற்கு?

ப: பிரான்சுக்குத் தகுதிச் சுற்றே கிடையாதே தம்பி, அதுதான் விஷயம். நடத்துகிற நாடு நேரடியாக உள்ளே வந்துவிடும். 1996 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) முடிந்ததிலிருந்து உலகக் கோப்பைவரை இரண்டு வருடம் அவர்களுக்குப் புள்ளிக்காக ஆடும் தகுதி ஆட்டம் ஒன்றுகூட இல்லை. நட்பு ஆட்டத்தில் பாதி அணியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அடிபடுமோ என்று பயந்து ஆடுவார்கள். இங்கே ஒன்பது நாளில் மூன்று ஆட்டம், இடையில் மூன்று நாள்தான், ஊர் விட்டு ஊர் பயணம் வேறு. அப்படியே உலகக் கோப்பை குழு ஆட்டங்களின் நெருக்கடி. லியோன், நான்ட், மோன்பெலியே, பாரிஸின் பார்க் தே பிரான்ஸ் என்று ஆடிய நாலு மைதானமும் அடுத்த வருடம் உலகக் கோப்பை நடக்கப்போகிறவை. ஸ்டாட் டி பிரான்ஸ் மட்டும் அப்போது கட்டி முடியவில்லை, 1998 ஜனவரியில்தான் திறந்தார்கள். இங்கிலாந்தும் தான் நடத்திய 1996 யூரோவுக்கு முன்னால் 1995-இல் பிரேசில், ஸ்வீடன், ஜப்பானைக் கூப்பிட்டு இதையேதான் செய்தது.

கே: இங்கிலாந்து கடைசி ஆட்டத்தில் பிரேசிலிடம் தோற்றது, ஆனாலும் கோப்பை இங்கிலாந்துக்கே என்கிறார்கள். எப்படி சார்?

ப: இறுதி ஆட்டம் என்று தனியாக எதுவும் இல்லை, எல்லோரும் எல்லோருடனும் ஒரு முறை. இங்கிலாந்து முதலில் இத்தாலியை 2-0 (ஐயன் ரைட், பால் ஸ்கோல்ஸ்), அடுத்து பிரான்சை 1-0, ஷியரர் அடித்தது. ஆறு புள்ளி. பிரேசில் இரண்டு ஆட்டத்தையும் டிரா செய்து இரண்டு புள்ளியில் நின்றது, ஜெயித்தாலும் ஐந்துதான். ஆக ஜூன் 10 அன்று ரொமாரியோ கோல் போட்டு 1-0 என்று ஜெயித்தபோது கோப்பை ஏற்கெனவே இங்கிலாந்துடையது. பிரான்சும் இத்தாலியும் ஆளுக்கு இரண்டு புள்ளி, ஒரு வெற்றிகூட இல்லை.

கே: பிரேசிலின் ரொபர்டோ கார்லோஸ் அடித்த அந்த ஃப்ரீ கிக் இந்தப் போட்டியில்தானே? அது அதிர்ஷ்டமா, திறமையா?

ப: இதில்தான். முதல் நாள், லியோன், பிரான்சுக்கு எதிராக. சுமார் 35 மீட்டர் தூரம். இடது காலின் வெளிப்பக்கத்தால் அறைகிறார், பந்து தடுப்புச் சுவருக்கு வலப்பக்கம் எங்கோ வெளியே போகிறது, கோலுக்குப் பக்கத்தில் இருந்த பந்து பொறுக்கும் பையன் தன்மேல் விழும் என்று குனிந்தே விட்டான். அப்புறம் உள்ளே வளைந்து, கம்பத்தின் உட்பக்கம் பட்டு கோல். பிரான்ஸ் கோல்கீப்பர் பார்தேஸ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

2010-இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். சுழலும் பந்து காற்றில் பக்கவாட்டில் தள்ளப்படும் என்பது பழைய சங்கதி. இவர்கள் சொன்னது, காற்று பந்தின் வேகத்தைக் குறைக்கிறது, ஆனால் சுழற்சி அவ்வளவாகக் குறைவதில்லை, அதனால் போகப்போக வளைவு இறுகுகிறது, நத்தை ஓட்டின் சுருள் மாதிரி. இருபது மீட்டரிலிருந்து அடித்தால் அந்தக் கடைசித் திருப்பம் வருவதற்குள் பந்து கோலைத் தாண்டியிருக்கும். அவ்வளவு தூரமும் வேண்டும், அவ்வளவு பலமும் வேண்டும். என்னைக் கேட்டால் முக்கால்வாசி திறமை, கம்பத்தில் பட்டு உள்ளே போனதை மட்டும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆட்டம் 1-1, மார்க் கெல்லர் திருப்பி அடித்தார் என்பதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை, பாவம், 1998 அணியிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

கே: சொந்த மண்ணில் ஒன்றுகூட ஜெயிக்காத பிரான்ஸ் அடுத்த வருடம் உலகக் கோப்பையைத் தூக்கியது. அப்படியென்றால் இந்தப் போட்டிக்கு அர்த்தமே இல்லையா?

ப: முடிவைப் பார்த்தால் இல்லை. பிரான்ஸ் பயிற்சியாளர் எமே ஜாக்கேயை பிரெஞ்சுப் பத்திரிகைகள், முக்கியமாக விளையாட்டு நாளிதழ் லெகிப், உலகக் கோப்பை தொடங்கும்வரை விடாமல் திட்டின. ஆனால் அவர் வரிசையை மாற்றி மாற்றிப் பார்க்க முடிந்தது இந்த மாதிரி ஆட்டங்களில்தான். மூன்று ஆட்டத்தில் 4 கோல் வாங்கிய அணி, 1998-இல் ஏழு ஆட்டத்தில் வாங்கியது இரண்டே இரண்டு. வழியில் காலிறுதியில் இத்தாலியைப் பெனால்டியில் வெளியேற்றி, இறுதியில் பிரேசிலை 3-0 என்று முடித்தார்கள். இங்கிலாந்துக்கு மட்டும் நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வேன். அவர்களும் இத்தாலியும் ஒரே தகுதிக் குழு, பிப்ரவரியில் வெம்ப்லியில் இத்தாலியிடம் 1-0 என்று தோற்றிருந்தார்கள். நான்டில் கிடைத்த வெற்றி அந்த பயத்தைக் கழற்றியது என்றே நினைக்கிறேன், அக்டோபரில் ரோமில் 0-0 பிடித்து நேரடியாகத் தகுதி பெற்றார்கள், இத்தாலி ரஷ்யாவுடன் பிளே-ஆஃப் ஆட வேண்டி வந்தது.

கே: அதிக கோல் யார்?

ப: இத்தாலியின் டெல் பியரோ, 3. பிரேசிலுடன் நடந்த 3-3 ஆட்டம் கிடைத்தால் பாருங்கள். ஆளுக்கொரு சேம்சைடு கோல் உட்பட எல்லாம் உண்டு.

கே: இப்போது ஏன் இப்படி நடத்துவதில்லை?

ப: தேதி எங்கே இருக்கிறது? 2001 முதல் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையை (கண்டங்களின் சாம்பியன்கள் மோதும் போட்டி) உலகக் கோப்பைக்கு முந்தைய வருடம் அதே நாட்டில் வைத்து இந்த வேலையைச் செய்தார்கள், 2017-உடன் அதுவும் போனது. 2018-இல் ஐரோப்பிய நாடுகளுக்கான நேஷன்ஸ் லீக் போட்டி வந்து ஐரோப்பிய அணிகளின் காலி வாரங்களைத் தின்றுவிட்டது. இதே பெயரில் பெண்கள் அணிகளுக்கு 2020, 2022, 2023-இல் நடத்தினார்கள், மூன்றையும் பிரான்ஸே ஜெயித்தது.