வயிற்று ஸ்கேன் பழகும்போது பித்தப்பை ஏன் கண்ணில் படுவதில்லை?

ரேடியாலஜி முதல் வருஷம், புத்தகத்தில் பளிச்சென்று இருக்கிற பித்தப்பை என் திரையில் மட்டும் வருவதில்லை, கையடக்க அல்ட்ராசவுண்ட் மெஷின் வாங்கி வீட்டில் பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கையின் வேகத்தைக் குறையுங்கள். புதிதாகப் பிடிக்கிறவர்கள் புரோபை, அதாவது உடம்பில் வைத்துப் பார்க்கும் கருவியை, வயிறு முழுக்க ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், எதுவும் நிலைத்துத் தெரியாது. வலது விலா எலும்புக்குக் கீழே வைத்து, இடத்தை விட்டு நகராமல் மணிக்கட்டை மட்டும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். குறுக்கே வைத்தால் மார்க்கர் (புரோபின் ஒரு பக்கத்தில் இருக்கும் அடையாளம்) நோயாளியின் வலப்பக்கம், நெடுக்கே வைத்தால் தலைப்பக்கம், அவ்வளவுதான்.

அப்புறம் மூச்சு. இதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்பது என் வருத்தம். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் பாதிப்பேர் நெஞ்சை நிமிர்த்தி வயிற்றை உள்ளே எக்கிவிடுவார்கள், கல்லீரல் விலாவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். "வயித்தை நல்லா உப்புங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள், கல்லீரல் கீழே இறங்கி வரும், அதன் வழியாகவே பித்தப்பையும் வலது சிறுநீரகமும் தெரியும். அப்போதும் குடல் காற்று மறைத்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். காலையில் டீ குடித்துவிட்டு வந்தவர் என்றால் பித்தப்பை சுருங்கியிருக்கும், உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும்.

ஒருக்களிக்க வைப்பதில் இன்னொரு லாபம் உண்டு. பித்தப்பைக் கல் என்றால் வெள்ளையாகத் தெரிந்து, பின்னால் கறுப்பாக நிழல் விழும், படுக்கை மாறினால் பெரும்பாலும் உருளும். பாலிப், அதாவது உட்சுவரில் வளரும் சிறு சதை, அப்படியே ஒட்டியிருக்கும். ஆனால் பித்தப்பையின் குறுகலான கழுத்துப் பகுதியில் சிக்கிய கல் உருளாது, அதனால் கழுத்தைப் பார்க்காமல் பித்தப்பை நார்மல் என்று எழுதவே எழுதாதீர்கள். சிறுநீரகமும் அப்படித்தான், அழகான ஒரு படம் கிடைத்ததும் ஃப்ரீஸ் அழுத்தாமல் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை முழுசாகக் கடந்து பாருங்கள். கட்டி ஓரத்திலும் இருக்கலாம்.

வீட்டு மெஷின் யோசனையை விட்டுவிடுங்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யாத இடத்தில் ஸ்கேன் மெஷின் வைத்திருப்பது குற்றம். அதற்குப் பதில், சீனியர் ஸ்கேன் முடித்ததும் நோயாளியிடம் அனுமதி கேட்டு அதே வயிற்றை நீங்கள் ஒருமுறை பாருங்கள். சீனியர் கண்டதை நீங்களும் கண்டீர்களா என்று அங்கேயே தெரிந்துவிடும்.